எல்லையை இரண்டு ஊரோடும் நடக்க வேண்டும்

முகாம் காலம் நெருங்குகிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம் 7 நாள் நடக்கும். உன்னத் பாரத் அபியானில் சேர்ந்த கல்வி நிறுவனம் குறைந்தது 5 கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். (தலைமுறை தலைமுறையாகத் தன்னைத் தானே பார்த்துக்கொண்ட ஊரை, முதல் பருவத் தேர்வுகூட எழுதாத பிள்ளைகள் தத்தெடுப்பதாவது!) மாணவர்கள் தெருவைக் கூட்டுவர், மரக்கன்று நடுவர், விழிப்புணர்வுப் பேரணி போவர். அவற்றில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் சிலர் ஒருபடி மேலே சென்று ஊரில் புதிய குழு ஒன்றை அமைத்துவிட்டுத் திரும்புகின்றனர். இப்பதிவு அவர்களை நோக்கியது. ஒருகாலத்தில் நானும் அவர்களில் ஒருவன்.

நான் ஆய்வு செய்யும் ஒடிசாவின் ஊர்களில் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. மகளிர் சுயஉதவிக் குழு, வனப் பாதுகாப்புக் குழு, பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறைக்குப் பதில் சொல்கிறது. ஒன்றன் பதிவேட்டை மற்றொன்று பார்த்திராது. அடுத்த ஊரின் குழுவோடு பேச்சுவார்த்தை என்பது, சண்டை வந்தாலொழிய, அரிது.

நயாகர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஊர்மக்களே காட்டைக் காக்கும் 'டெங்காபாளி' என்னும் வழக்கம் உண்டு. டெங்கா என்றால் தடி; பாளி என்றால் முறை. இன்று காவலுக்குப் போன வீட்டார் மாலையில் தடியைக் கொண்டுபோய் அடுத்த வீட்டு வாசலில் சார்த்தி வைப்பர். நாளைய காவல் அவ்வீட்டாருடையது. பல ஊர்களில் இத்தடி பெண்கள் கையில் இருக்கிறது. ஏரிப்பாசனத்தில் முறைவைத்து நீர் பாய்ச்சிய நமக்கு இது விளங்காத ஏற்பாடன்று.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவ்வூர்களுக்கு ஒரு வாயிலைத் திறந்தது. தாங்கள் காத்துவந்த காட்டின்மீது கிராம சபை சமூக வன வள உரிமை கோரலாம். அதற்கு மரபெல்லையைக் காட்டும் வரைபடம் வேண்டும். எல்லையை ஒட்டிய ஊர்களின் பெயர்களையும் விண்ணப்பத்தில் குறிக்க வேண்டும். இரண்டு கிராம சபைகளின் கோரிக்கைகள் மோதினால், இரண்டின் வன உரிமைக் குழுக்களும் கூடியமர்ந்து பேச வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. சட்டம் எதிர்பார்ப்பது இரண்டு ஊர்கள் ஒரே பாயில் உட்காருவதை. நாங்களோ வரைபடத்தை மட்டும் பார்த்தோம்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஐந்து மாணவர்கள் ஓர் ஊருக்குச் சென்றோம். கைப்பேசியில் ஜிபிஎஸ் இருந்தது. அவ்வூர்ப் பெரியவர்களோடு இரண்டு நாள் எல்லையைச் சுற்றி நடந்து, வண்ணத்தில் வரைபடம் அச்சிட்டுக் கொடுத்தோம். அதைக் கண்ட பக்கத்து ஊரார் கொதித்தெழுந்தனர். "எங்கள் மாடு தண்ணீர் குடிக்கும் ஓடையை யாரைக் கேட்டு அவர்கள் பக்கம் வரைந்தீர்கள்?" அதுவரை அவ்வோடை எவர் பக்கமும் இல்லை, இருவரும் புழங்கினர். பழக்கத்தில் நெகிழ்ந்து கிடந்த எல்லை எங்கள் காகிதத்தில் வேலியாகிவிட்டது. கூட்டுக் கூட்டத்துக்கு அவர்கள் வர மறுத்தனர். அவ்வாண்டு விண்ணப்பம் போகவில்லை. எங்களுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது.

மறுமுறை சென்றபோது ஜிபிஎஸ்ஸைப் பையிலேயே வைத்திருந்தோம். முதல் சில வாரங்கள் நாங்கள் செய்ததெல்லாம் தூதுதான். இவர்கள் சொன்னதை அங்கே, அவர்கள் கேட்டதை இங்கே. சந்தை நாளில் வராதபடி தேதி பார்ப்பதற்கே நான்குமுறை நடந்தோம். கடைசியில் இரண்டு ஊருக்கும் நடுவிலிருந்த ஒரு சால் மரத்தடியில் கூடினர். ஆண்கள் பழைய வழக்கையே பேசிக்கொண்டிருக்க, இலுப்பைப்பூ பொறுக்கப் போகும் பெண்கள் எந்தப் பாதையை யார் எம்மாதத்தில் புழங்குவர் என்று விரல்விட்டுச் சொன்னார்கள். அவர்களுள் இருவர் ஓர் ஊரில் பிறந்து மற்ற ஊரில் வாழ்க்கைப்பட்டவர்கள். ஓடையை 'இருவருக்கும்' என்று தனி நிறத்தில் குறித்தோம். அந்த நிறத்தை அவர்களே தேர்ந்தார்கள்.

இதில் மாணவனுக்கு என்ன தகுதி? எந்தப் பக்கமும் அவனுக்கு மாமன் மச்சான் இல்லை. எழுதத் தெரியும். தவறாக எழுதினால் ஒரு மூதாட்டி அதட்டித் திருத்தலாம். அரசு அலுவலரை அவ்வாறு அதட்ட முடியாது. இத்தகுதிகள் சிறியவை, ஆனால் அவ்வூர்களுக்குத் தேவைப்பட்டவை இவையே. கூட்டத்தில் பேசியதை இருதரப்புக்கும் படித்துக் காட்டி ஒப்பம் பெறுவதற்குத் தலைமைப் பண்பு எதுவும் வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், காலம் வேண்டும்.

காலம்தான் பல்கலைக்கழகத்திடம் இல்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டாண்டுகளுக்கு 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதை ஐந்து ஊருக்குப் பகிர்ந்தால் ஓர் ஊருக்கு 48 மணி. ஒரே ஓர் எல்லைக்குச் செலவிட்டால் ஏதாவது நடக்கும். அறிக்கையில் 'அமைக்கப்பட்ட குழுக்கள்' என்றொரு கட்டம் இருக்கும்வரை மாணவர்கள் குழுக்களை அமைத்துக்கொண்டேயிருப்பர். அக்கட்டத்தை நீக்கிவிட்டு, இரண்டு குழுக்கள் ஒப்பமிட்ட ஒரு கூட்டக் குறிப்பைக் கேளுங்கள். ஒன்றே ஒன்று போதும். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் புதிய ஊர் தேடாமல் அக்குறிப்பிலிருந்து தொடங்கட்டும்.

எங்கள் வரைபடம் இன்னும் முடியவில்லை. பாறைக்குக் கிழக்கே இரண்டாவது ஓடை ஒன்று உண்டு. மழைக்காலத்தில் போக முடியவில்லை. டிசம்பரில் மூன்று மாணவர்கள் வருவதாகச் சொல்லியிருக்கின்றனர். இரண்டு ஊர்ப் பெண்களும் உடன் நடப்பதாக ஏற்பாடு.