ஆறு வயதும் பதினாறு வயதும் ஒரே பாயில்



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை முன்னால் எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அம்பாறை மாவட்டத்துச் சகோதரி ஒருவர் எழுதியது. தங்கள் மஹல்லாவில் ஞாயிறு பின்னேரங்களில் ஒரு சிறுவர் கழகம் தொடங்கியிருக்கிறார்களாம். வருகின்ற பிள்ளைகள் 26 பேர். ஆகச் சின்னவர் தரம் 1இல் படிக்கிறார். ஆகப் பெரியவள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். "எல்லோருக்கும் பொதுவாக என்ன கைவேலை கொடுப்பது? ஒரு பட்டியல் எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

பட்டியல் தருவது இலகு. ஐஸ்கிறீம் குச்சியில் வீடு, டிஷூக் கடதாசியில் பூ, போத்தலில் பெயின்ட்... அரைமணி நேரத்தில் எழுதிவிடலாம். ஆனால் அப்படியொரு பட்டியலை நம்பி நான் ஒருமுறை நன்றாகப் பட்டிருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் இதுபோன்ற ஒரு கழகத்தை நாங்கள் தொடங்கியபோது, முதல் மாதம் முழுவதும் பிரிஸ்டல் போட் பூக்கள்தான். சின்னவர்களுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாது. ஆகவே, பெரிய பெண் பிள்ளைகளை அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீங்கள் வெட்டிக் கொடுங்கள்" என்றேன். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். நாலாவது வாரம், பதினைந்து வயதுப் பிள்ளையொருத்தி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், வீட்டிலயும் நான் தம்பிமாருக்குத்தான் வேலை செய்றன். இங்கயும் அதுதானா?"

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "சின்னப் பிள்ளைகள்ட விளையாட்டுக்கு நான் எதுக்கு எண்டு கேக்கிறாள்" என்றார் உம்மா. அவள் அறைக்குள்ளிருந்து வெளியே வரவேயில்லை. பாடசாலை, வீடு, சமையலறை என்றிருந்த பிள்ளைக்கு வாரத்தில் கிடைத்த ஒன்றரை மணித்தியாலம் அது. அதையும் நான் சமையலறையாக்கிவிட்டேன் என்பது திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து நான் பொருளைப் பார்த்துக் கைவேலையைத் தெரிவு செய்வதில்லை. "இதில் பெரியவளுக்கென்று சொந்தமாக என்ன இருக்கிறது?" என்றுதான் முதலில் பார்க்கிறேன். சின்னவர்களைத் திருப்திப்படுத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. எதையாவது மடித்து, ஒட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் அவர்களுக்குப் போதும். சலித்துப்போய் நின்றுவிடுவது பெரியவர்கள்தான். அவர்கள் நின்றால் சின்னவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள்.

ஆகவே, எல்லோருக்கும் ஒரே சாமானைக் கொடுங்கள். ஒரே வேலையைக் கொடுக்காதீர்கள். தென்னோலை இதற்கு மிக நல்லது. காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஆறு வயதுப் பிள்ளை ஓலைக் கைக்கடிகாரமும் காற்றாடியும் செய்யும். ஒன்பது, பத்து வயதுக்காரருக்கு ஓலைப் பந்து சரியாக இருக்கும். முதல் இரண்டு பந்தும் அவிழ்ந்து போகும், மூன்றாவது நிற்கும். பதின்மூன்றுக்கு மேலே பெட்டி இழைக்கலாம். குருத்தை வெட்ட வேண்டாம், மரத்துக்குக் கேடு. கீழ்மட்டத்துப் பச்சையோலை போதும். காய்ந்த ஓலை மடிக்கும்போது பிளந்துவிடும். ஓலையின் ஓரம் விரலை அறுக்கும் என்பதைச் சின்னவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடதாசி வேலையை நான் இப்போது அதிகம் வைத்துக்கொள்வதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம், கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன அல்லவா? அந்த வருடம் பிரிஸ்டல் போட்டை நம்பியிருந்த கழகங்களெல்லாம் கை கட்டி நின்றன. ஊரிலே சும்மா கிடைப்பதை வைத்துச் செய்யப் பழகினால் அந்தக் கஷ்டம் இல்லை.

சும்மா கிடைப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது தையற்கடைத் துண்டுத் துணி. கேட்டால் உரைப்பையில் கட்டித் தருவார்கள். அதில் கால் துடைப்பான் செய்யலாம். சின்னவர்கள் துணிகளை நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். நடுவயதுக்காரர் ஒன்றரை அங்குல அகலத்தில் கிழித்து, நுனிகளைத் தொடுத்து, பந்தாகச் சுற்றுவார்கள். பிறகு மூன்று இழையை ஒன்றாகப் பின்னுவார்கள். பின்னலை வட்டமாகச் சுற்றித் தைத்து முடிப்பது பெரியவர்களின் வேலை. கணக்கும் சொல்கிறேன். ஓர் அங்குல அகலப் பின்னலில் ஒன்றரை அடி விட்டமுள்ள துடைப்பானுக்குக் கிட்டத்தட்ட 21 அடிப் பின்னல் வேண்டும். பின்னும்போது நீளம் குறையும். ஆகவே, ஒவ்வோர் இழைக்கும் 30 அடியளவில் துணி வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தெரியாமல் நாங்கள் தொடங்கிய முதல் துடைப்பான் ஒரு சாசரளவில் நின்றுபோனது!

தைக்கும்போது பின்னலை இழுத்துப் பிடிக்கக்கூடாது. இறுக்கினால் ஓரம் மேலெழுந்து கிண்ணம் மாதிரி வந்துவிடும். தளர்வாக விட்டு, தரையில் வைத்தபடியே தைக்க வேண்டும். எங்களிடம் அப்படிக் கிண்ணமாகிப்போன ஒன்றை அவிழ்க்க மனமில்லாமல் வெங்காயக் கூடையாக்கினோம். அது இன்னும் ஒரு வீட்டில் இருக்கிறது.

கடிதம் எழுதிய சகோதரி கிழக்கிலே இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பகுதியில் பன்பாய் இழைக்கத் தெரிந்த மூத்தம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். மருதமுனைப் பக்கம் என்றால் தறியில் கைபழகியவர்கள் இருப்பார்கள். கற்பிட்டி, மன்னார்ப் பக்கத்து வாசகிகளுக்குப் பனையோலை இருக்கிறது. அப்படி ஒருவரைக் கழகத்துக்கு அழைத்து வாருங்கள். நாங்கள் அழைத்த மூத்தம்மா முதல் நாள், "எனக்குப் படிப்பிக்கத் தெரியாது மகள்" என்று கூச்சப்பட்டுக்கொண்டே வந்தார். பாயில் உட்கார்ந்து பன்னைக் கையிலெடுத்ததும் பதினாறு பிள்ளைகள் சுற்றி வளைத்துக்கொண்டன. "நூல் மாதிரி இழுக்காத மகள், முறிஞ்சிரும். தண்ணி தெளிச்சிக்கோ" என்று அவர் சொன்னதை நான் எந்தப் புத்தகத்திலிருந்து படிப்பித்திருப்பேன்? முழுப்பாய்க்கு ஆசைப்பட வேண்டாம். ஒரு சாண் அளவில் சிறு தடுக்கு போதும், தேநீர்க் கோப்பை வைக்கலாம். சாயம் காய்ச்சும் வேலையை மட்டும் பெரியவர்கள் வீட்டிலேயே முடித்துக் கொண்டுவர வேண்டும். மஞ்சளில் தோய்த்தால் பார்க்க அழகுதான், ஆனால் வெயில் பட்டால் வெளுத்துவிடும்.

பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோதுமை மா ஒரு கோப்பை, தண்ணீர் நாலு கோப்பை, கட்டி விழாமல் கலக்கி மெல்லிய நெருப்பில் காய்ச்சினால் கடையில் வாங்கும் பசை தேவையில்லை. பூச்சி அரிக்காமலிருக்க முன்னையவர்கள் அதில் துரிசு போடுவார்கள். பிள்ளைகள் கைவைக்கும் பசையில் அது வேண்டவே வேண்டாம், நஞ்சு. தேவையான அளவு அன்றன்றே காய்ச்சுங்கள். அதேபோல், ஆறு வயதுக்குக் கீழே தம்பி, தங்கைமார் கூட வருவார்களானால் மணி, பொத்தான் வேலைகளைத் தள்ளி வையுங்கள். வாயில் போட்டுக்கொள்வார்கள்.

பன்னிரண்டு வயதுப் பையன்களைப் பற்றி அந்தச் சகோதரி தனியாக ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். சிரித்துவிட்டேன், எங்கும் ஒரே கதைதான். பூவும் பின்னலும் அவர்களுக்கு ஆகாது. பட்டம் கட்டக் கொடுங்கள். மூங்கிலை ஒரு பெரியவர் சீவிக் கொடுக்கட்டும். சீவிய ஈர்க்கை நடுவிலே ஒரு விரலில் வைத்து, இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சமமில்லாவிட்டால் பட்டம் ஒரு பக்கமாகச் சரியும். அந்தச் சமனைப் பார்ப்பதிலேயே அரைமணி நேரம் சத்தமில்லாமல் இருப்பார்கள். வாலுக்கு மிஞ்சிய துண்டுத் துணிகளைச் சின்னவர்கள் முடிந்து கொடுப்பார்கள். ஏற்றுவது வெளி மைதானத்தில். மின்கம்பிப் பக்கமே போகக்கூடாது.

நேரத்தையும் பாருங்கள். அஸருக்குப் பின் எல்லோரும் வந்து சேர நாலு மணியாகும். மஃரிபுக்கு முன்னே பிள்ளைகள் வீடு போய்ச் சேரவும் வேண்டும். ஒரே நாளில் முடியும் வேலை சின்னவர்களுக்கு. பெரியவர்களுக்கு மூன்று, நாலு வாரம் செல்லும் வேலை. தொப்பி பின்னுவதைப் பலர் கேட்கிறார்கள். நல்லதுதான், ஆனால் குரோஷே ஊசி பழகாத கைக்கு முதல் தொப்பி இரண்டு மாதம் எடுக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்யச் சம்மதிப்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். துண்டுத் துணி மூட்டை வந்த வாரம், தைக்க ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். "சின்னவங்களுக்கு வெட்டிக் குடுக்கமாட்டன்" என்ற நிபந்தனையோடு வந்தாள். நானும் ஒப்புக்கொண்டேன். நீலமும் வெள்ளையுமாக அவள் தைத்த முதல் துடைப்பான் அவர்கள் வீட்டு வாசலில் கிடக்கிறது. மழை நாளில்கூட அதை யாரும் மிதிக்க உம்மா விடுவதில்லையாம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: 26 பேருக்கு 26 கத்தரிக்கோல் வாங்கிவிடாதீர்கள். ஆறு போதும், அதில் இரண்டு முனை மழுங்கியதாக இருக்கட்டும். மிச்சக் காசுக்கு நல்ல ஊசியும் தடித்த பருத்தி நூலும் வாங்குங்கள். முதல் மாதம் என்ன செய்தீர்கள், யார் நின்றார்கள், யார் போனார்கள் என்று எழுதுங்கள்.