வலிக்கிறது என்றால் நம்புவோம்

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்” என்பது நம் முன்னோர் மொழி. பிறருடைய வலியைக் கண்ணால் காண இயலாது. தராசில் நிறுக்கவும் இயலாது. அதனால்தானோ என்னவோ, ஒருவர் “வலிக்கிறது” என்றதும் நாம் நம்பத் தயங்குகிறோம். சிறுமி சொன்னால் “பள்ளிக்கு மட்டம் போடப் பார்க்கிறாள்” என்கிறோம். பாட்டி சொன்னால் “வயதானால் அப்படித்தான்” என்று தள்ளிவிடுகிறோம். இந்தப் போக்கு சரியன்று என்பதே நம் கருத்து. அறிவியலும் நம் பக்கமே நிற்கிறது.

காளையார்கோவில் வட்டாரத்தில் கருவேல முள் தைக்காத கால் உண்டா? முள் தைத்த நொடியில் சுரீர் என்று ஒரு வலி. அது உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி. முள்ளைப் பிடுங்கியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் மறுநாள் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகிவிட்டால், செருப்புப் பட்டாலே உயிர் போகிறது. முள்தான் போய்விட்டதே, பின் வலி ஏன்?

கிருமியை எதிர்க்கவும் புண்ணை ஆற்றவும் உடல் செய்யும் ஏற்பாட்டுக்கு அழற்சி என்று பெயர். அப்போது அங்கே பல பொருள்கள் சுரக்கின்றன. அவற்றுள் ஒன்று புராஸ்டாகிளாண்டின். அதன் உற்பத்தியைத் தடுப்பதால்தான் ஆஸ்பிரின் வலியைத் தணிக்கிறது என்று 1971இல் ஜான் வேன் கண்டறிந்தார். மற்றொன்று நரம்பு வளர்ச்சிக் காரணி. அதைக் கண்டறிந்து 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ரீட்டா லெவி மொந்தால்சினி என்ற இத்தாலியப் பெண்மணி. யூதர் என்பதற்காகப் பல்கலைக்கழகத்தினின்று விலக்கப்பட்டபோது, வீட்டில் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டவர் அவர்!

இப்பொருள்கள் வலியுணர் நரம்பின் நுனியைத் தொட்டதும், அங்குள்ள புரதங்கள் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகின்றன. அத்துடன் புதிய புரதங்களும் உருவாகின்றன. எங்கே உருவாகின்றன என்பதுதான் வியப்பு. பாதத்து நரம்பணுவின் உடல், தண்டுவடத்தின் ஓரத்திலுள்ள நரம்பு முடிச்சில் இருக்கிறது. அங்கிருந்து பாதம் வரை செல்லும் இழை, வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அதன் வழியே விரைவாகச் செல்லும் பொருளும் ஒரு நாளில் சுமார் 400 மில்லிமீட்டர்தான் செல்லும். பாதத்தை அடைய இரண்டு நாளுக்கு மேலாகும். வலியோ சில மணி நேரத்திலேயே கூடிவிடுகிறது.

காரைக்குடியிலிருந்து சாப்பாடு வரட்டும் என்று காத்திராமல், செய்முறைக் குறிப்பை வைத்துக்கொண்டு இங்கேயே அடுப்பு மூட்டிச் சமைப்பதில்லையா? நரம்பும் அப்படித்தான் செய்கிறது. தூது ஆர்.என்.ஏ. என்னும் குறிப்புகள் முன்னதாகவே இழைக்குள் வந்து காத்திருக்கின்றன. வேண்டியபோது அங்கேயே புரதம் உருவாகிறது. அதனால் நரம்பு மேலும் கூர்மையடைந்து, இலேசாகத் தொட்டாலும் வலிக்கிறது.

2010இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளின் பாதத்தில் இந்தப் புரத உற்பத்தியைத் தடுத்தபோது, அழற்சிப் பொருள்கள் உண்டாக்கும் மிகை வலி குறைந்தது. வைரஸ் தாக்கும்போது உடலில் சுரக்கும் இன்டர்ஃபெரானும் நேரே வலி நரம்பில் இந்த உற்பத்தியைத் தூண்டி வலியைக் கூட்டுகிறது என்று 2020இல் மற்றோர் எலி ஆய்வு காட்டியது.

இதைப் படிக்கும்போது 2006ஆம் ஆண்டு நம் நினைவுக்கு வர வேண்டும். அவ்வாண்டு இந்தியாவில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சிக்குன்குனியாவால் தாக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது, தமிழகமும் தப்பவில்லை. காய்ச்சல் சில நாளில் விட்டது. மூட்டுவலியோ பலரை மாதக்கணக்கில் விடவில்லை. குடம் தூக்க முடியாமலும், நாற்று நட முடியாமலும் தவித்த தாய்மாரை, “காய்ச்சல்தான் போய்விட்டதே, இன்னும் என்ன?” என்று கேட்டவர்கள் எத்தனை பேர்! முள் போன பின்னும் கால் வலிப்பது உண்மையானால், காய்ச்சல் போன பின்னும் மூட்டு வலிப்பது மட்டும் எப்படிப் பொய்யாகும்?

வேலு நாச்சியாரும் மருது சகோதரரும் வாழ்ந்த வீரமண்ணில் வலியைச் சொல்வது கோழைத்தனம் என்று சிலர் நினைக்கலாம். பொறுமை பெரிய குணந்தான்; நாம் மறுக்கவில்லை. ஆனால் பொறுமை என்பது நாம் மேற்கொள்ள வேண்டியது; பிறர் மேல் சுமத்த வேண்டியதன்று. குறிப்பாகப் பெண்களிடமே அதை மிகுதியாக எதிர்பார்க்கிறோம். மாதந்தோறும் வரும் வயிற்றுவலிக்கும் புராஸ்டாகிளாண்டினே முக்கியக் காரணம் என்று மருத்துவம் கூறுகிறது. அதைச் சோம்பல் என்றும் நடிப்பு என்றும் சொல்வது அறியாமையே.

அதற்காக வலி வந்தவுடன் கடைக்கு ஓடி மாத்திரை வாங்கி விழுங்கச் சொல்லவில்லை. வலி மாத்திரைகளை மனம்போல் தின்றால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகத்துக்குக் கேடும் வரலாம். மருத்துவரிடம் சொல்வதே முறை. ஆனால் மருத்துவரிடம் போவதற்கு முன், வீட்டில் ஒருவர் அதை நம்ப வேண்டுமே!

ஆகவே, அன்புப் பெற்றோரே, மகள் வலி என்றால் முதலில் காது கொடுங்கள். ஆசிரியப் பெருமக்களே, சுருண்டு படுத்திருக்கும் மாணவியிடம் காரணத்தைக் கனிவுடன் கேளுங்கள். தோழியரே, பாட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்போது, “எங்கே வலிக்கிறது அப்பத்தா?” என்று கேளுங்கள். வலியைத் தீர்க்கும் ஆற்றல் நம் எல்லோரிடமும் இல்லை. அதை நம்பும் மனம் எல்லோரிடமும் இருக்கலாம் அல்லவா?