எக்ஸ்ட்ரா 36

போன போகிக்கு பரண்ல கிடந்த பழைய பேப்பரையெல்லாம் எரிக்க எடுத்துப் போட்டேன். நடுவுல ஒரு கத்தரிச்ச துண்டு. 1999 ஜனவரி, சேப்பாக்கம் டெஸ்ட், இந்தியா-பாகிஸ்தான், முழு ஸ்கோர். எங்க பெரியப்பா பையன் வெட்டி வெச்சது. அதை எரிக்க மனசு வரலை.

ஜனவரி 31, ஞாயித்துக்கிழமை. திருவெண்ணெய்நல்லூர்ல ஒரு டீக்கடை டிவி முன்னாடி நின்னு பார்த்தோம். ஜெயிக்க 271 வேணும். 82க்கு 5 விக்கெட் போச்சு. அப்புறம் சச்சினும் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன். 254ல சச்சின் சக்லைன் பந்தைத் தூக்கி அடிச்சு வாசிம் அக்ரம் கையில கொடுத்துட்டுப் போனார். இன்னும் 17 ரன், கையில 3 விக்கெட். அந்த மூணும் நாலே ரன்ல போயிடுச்சு. 258 ஆல் அவுட், 12 ரன்ல தோல்வி.

"இவனால தாண்ணே தோத்தோம், நின்னு ஆடத் தெரியல"ன்னு நான் கத்தினேன். "முதுகு வலியோட ஆடினவன்டா, வாயை மூடு"ன்னு அண்ணன் கத்தினார். வார்த்தை தடிச்சு, ஆறு மாசம் ரெண்டு பேரும் பேசிக்கலை. இப்ப நினைச்சா சிரிப்பா இருக்கு, அப்ப இல்லை.

அந்தத் துண்டை இந்தத் தடவைதான் முழுசா கூட்டிப் பார்த்தேன். ரெண்டாவது இன்னிங்ஸ்: சச்சின் 136. மோங்கியா 52. ரமேஷ் 5, லட்சுமண் 0, திராவிட் 10, அசாருதீன் 7, கங்குலி 2, ஜோஷி 8, கும்ப்ளே 1, ஸ்ரீநாத் 1, பிரசாத் 0 நாட் அவுட். ஒன்பது பேரும் சேர்ந்து 34. பாகிஸ்தான் தானமா கொடுத்த எக்ஸ்ட்ரா 36!

இருபது வருஷத்துக்கு மேல நான் திட்டினது யாரைன்னு பாருங்க.

அதே துண்டுல சச்சினோட முதல் இன்னிங்ஸும் இருக்கு: 0. பாகிஸ்தான் ரெண்டாவது இன்னிங்ஸ்ல 33 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்த வெங்கடேஷ் பிரசாதும் இருக்கார். அவரையும் அன்னிக்கு யாரும் பேசலை. அட்டவணைக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது.

அமெரிக்காக்காரன் பேஸ்பால்லயும் இதே மாதிரி கட்டம் போடுறான். அந்த 'பாக்ஸ் ஸ்கோரை' வளர்த்தெடுத்த ஹென்றி சாட்விக்கே இங்கிலாந்துல பிறந்து, கிரிக்கெட் செய்தி எழுதிட்டிருந்தவர்தான். ஆனா அங்க ஒரு வித்தியாசம். தோத்த ஆட்டத்தை ஒரு பிட்சர் பேர்ல எழுதிடுவாங்க, 'இவர் கணக்குல தோல்வி'ன்னு. நம்ம கிரிக்கெட் ஸ்கோர்ல அப்படி ஒரு கட்டமே இல்லை. நாமதான் டீக்கடையில வாயாலேயே அந்தக் கட்டத்தைப் போட்டு, கடைசியா பளிச்சுனு அவுட்டானவன் பேரை எழுதிடுறோம்.

ஸ்கோர் எல்லாத்தையும் சொல்லும்னு நான் சொல்ல வரலை. முதுகு வலி அதுல இல்லை. ஜெயிச்ச பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுத்தி வந்தப்ப சென்னை ஜனங்க எழுந்து நின்னு கைதட்டினாங்களே, அதுவும் இல்லை. அதெல்லாம் பார்த்தவன் நினைவுல இருக்கணும். ஆனா "யாரால தோத்தோம்"னு பஞ்சாயத்து வெச்சா, நினைவை நம்பாதீங்க. நினைவுக்கு கடைசி அரை மணி நேரம்தான் தெரியும்.

எங்க ஊர்க்காரனுக்கு இது தெரிஞ்சிருக்கணும். சுந்தரரை 'நீ என் அடிமை'ன்னு கிழவர் வழக்குக்கு இழுத்தப்ப, எங்க ஊர் சபை வாய்ப்பேச்சைக் கேட்டு தீர்ப்பு சொல்லலை. மூல ஓலையைக் கொண்டா, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்போம்னுதான் சொல்லுச்சு. அந்த ஊர்ல பிறந்துட்டு, ஓலையைப் பார்க்காமலே தீர்ப்பு சொல்லியிருக்கேன்.

அண்ணனுக்கு போன் பண்ணி கணக்கைச் சொன்னேன். "அதுக்குத்தான்டா வெட்டி வெச்சேன்"னார் :-)

உங்ககிட்டயும் இப்படி யாரையாவது திட்டின பழைய மேட்ச் இருந்தா, ஸ்கோரை எடுத்து ஒரு தடவை கூட்டிப் பாருங்க மக்களே.