கேடி நோட்டு

'அவன் சரியான கேடிப்பா' என்கிறோம். அந்தக் 'கேடி' பிறந்தது போலீஸ் நோட்டில்தான்! குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1871-ல் கொண்டுவந்த வெள்ளைக்காரன், 1911-ல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தான். பிறந்த சாதிக்காகவே ரேகை உருட்டச் சொன்னான். 1947-ல் இங்கே சட்டம் போனது. புத்தி?

பின்தங்கிய சமூகத்தில் பிறந்த அப்பாவிகளின் பெயரை ஹிஸ்டரி ஷீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாதீர்கள், மேலதிகாரியை வைத்து அவ்வப்போது சரிபாருங்கள் என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியிருந்ததே!

பேர் ஏற அதிகாரியின் ஒரு கையெழுத்து போதும். இறக்குவதற்கோ எத்தனை பேர் கோர்ட் படி ஏறுகிறார்கள்! தகவல் என்றால் விசாரிக்கணும், சரிபார்க்கணும், பொய் என்றால் கிழித்துப் போடணும். கிழிக்கவே தெரியாத நோட்டில் இருப்பது தகவல் இல்லை சார், வெறும் சந்தேகம். அதை வைத்துக்கொண்டு அப்பாவியைத்தான் பிடிக்கலாம். திருடனைப் பிடிக்க முடியாது.