ஆடுவது பிள்ளைகள், அடித்துக்கொள்வது பெற்றோர்!

2000-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். அமெரிக்க நாட்டிலே, மாசசூசெட்ஸ் மாநிலத்திலே, ரெடிங் என்றோர் ஊர். அங்கே பனித்தளத்தில் சிறுவர்கள் ஐஸ் ஹாக்கி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கோப்பைக்கான போட்டி அல்ல, வெறும் பயிற்சி. அதை மேற்பார்த்தவர் ஒரு தச்சுத் தொழிலாளி. நான்கு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்து வந்தவர். ஓரத்திலே நின்று பார்த்தவர் ஒரு லாரி ஓட்டுநர். இருவரும் உழைத்து உண்பவர்கள். இருவரும் தந்தையர்.

ஆட்டத்தில் முரட்டுத்தனம் மிகுந்துவிட்டது, தன் மகனுக்கு அடிபடுகிறது என்று லாரி ஓட்டுநர் கொதித்தார். ஹாக்கி என்றால் அப்படித்தான் என்றார் மற்றவர். சொல் தடித்தது, கை நீண்டது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தச்சுத் தொழிலாளி தரையில் வீழ்த்தப்பட்டு அடிக்கப்பட்டார். மறுநாள் மாண்டார். 2002-இல் நீதிமன்றம் லாரி ஓட்டுநருக்கு 6 முதல் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது.

முரட்டுத்தனம் கூடாது என்று தொடங்கிய வழக்கு, ஒரு மனிதனின் சாவிலே முடிந்தது! ஒரு வீட்டுப் பிள்ளைகள் தந்தையை இடுகாட்டுக்கு அனுப்பினர். இன்னொரு வீட்டுப் பிள்ளை தந்தையைச் சிறைக்கு அனுப்பினான். அன்று ஆட்டத்தில் வென்றவர் யார்?

எவனோ ஒருவனுக்குப் பிடித்த வெறி, அதற்கு ஊரையே குறை கூறலாமா என்று கேட்பவர் உண்டு. அவர்கள் இன்னும் கேட்கட்டும்.

2012 டிசம்பரில் நெதர்லாந்து நாட்டின் அல்மேரா நகரிலே இளைஞர் கால்பந்தாட்டம். 41 வயதுடைய ஒருவர், தன் மகன் ஆடும் ஆட்டத்திற்கு, ஊதியம் ஏதுமின்றி எல்லைக்கோட்டு நடுவராகக் கொடி பிடித்து நின்றார். ஆட்டம் முடிந்ததும் எதிரணி இளைஞர்கள் அவரை உதைத்தனர். தடுக்கவேண்டிய தந்தை ஒருவரும் சேர்ந்து உதைத்தார்! நடுவர் மறுநாள் இறந்தார். அந்த வார இறுதியில் நாடு முழுவதும் அமெச்சூர் ஆட்டங்களைக் கால்பந்துச் சங்கம் நிறுத்திவைத்தது. 2013-இல் ஆறு இளைஞர்களோடு அந்தத் தந்தையும் தண்டிக்கப்பட்டார். அவருக்கு 6 ஆண்டு சிறை.

2019 ஜூனில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், லேக்வுட் நகர். பேஸ்பால் ஆடியவர்கள் 7 வயதுக் குழந்தைகள். நடுவராக நின்றவன் 13 வயதுச் சிறுவன்! அவன் தீர்ப்புச் சரியா, தவறா என்று தொடங்கிய தகராறில் பெற்றோர் ஒருவரையொருவர் குத்திக்கொண்டனர். குழந்தைகள் ஓரமாக நின்று பெரியவர்களின் 'விளையாட்டைப்' பார்த்தார்கள்.

ஏன் இந்தக் கேடு? பண்பாடு குறைந்துவிட்டது என்று பெருமூச்சு விட்டால் போதுமா? கணக்கைப் புரட்டிப் பார்க்கவேண்டாமா?

ஆஸ்பென் நிறுவனம் எடுத்த கணக்கின்படி, 2024-இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்று ஒரு பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்குச் சராசரியாகச் செலவிட்டது 1,016 டாலர். 2019-ஐவிட இது 46 விழுக்காடு அதிகம். தனியார் கிளப்புக்குக் கட்டணம், பயிற்சியாளருக்குக் கட்டணம், வெளியூர்ப் பந்தயத்துக்குப் பயணச் செலவு, தங்கும் விடுதிக்கு வாடகை! தெருப்பிள்ளைகள் திடலிலே கூடி ஆடிய ஆட்டம், இன்று விலைச்சீட்டு ஒட்டிய சரக்கு.

சரக்கை விற்பவன் ஆசையையும் சேர்த்தே விற்கிறான். கல்லூரிப் படிப்புக்குப் பணம் மலைபோல் தேவைப்படும் நாட்டிலே, பிள்ளை நன்றாக ஆடினால் உபகாரச் சம்பளம் கிடைக்கும் என்பது அந்த ஆசை. ஆனால் உயர்நிலைப் பள்ளியில் ஆடும் நூறு பேரில் அதைப் பெறுவோர் ஏறத்தாழ இரண்டு பேர்! மற்ற 98 வீடுகளிலும் கட்டணம் மட்டும் தவறாமல் கட்டப்படுகிறது. அந்தத் தந்தைக்குப் பந்து வெளியே போயிற்று என்று நடுவர் சொன்னால், போட்ட பணம் போயிற்று என்றே காதில் விழுகிறது.

ரெடிங் ஊரில் நடந்தது வெறும் பயிற்சிதானே, அங்கே பணமா பேசிற்று என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பணம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. மகன் வேறு, தான் வேறு என்பதை மறந்த மனம் அங்கே பேசிற்று. மகன் மேல் பட்ட முழங்கை தன் மார்பில் பட்டதாகவே எண்ணிய மனம்.

இன்னொன்றும் உண்டு; கசந்தாலும் சொல்லவேண்டும். வாரம் முழுதும் மேலாளரின் வசவைக் கேட்டு வாய்மூடி நிற்பவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை மைதான ஓரத்தில் வாய் திறக்கிறது. யாரிடம்? திருப்பிப் பேச முடியாத 13 வயதுச் சிறுவனிடம்! மேலே இருப்பவனிடம் கேட்கவேண்டிய கேள்வியைக் கீழே இருப்பவனிடம் கேட்பது வீரமா, தோழர்களே?

விளைவு என்ன? நடுவர்கள் விசிலைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள். 2018-19-க்கும் 2021-22-க்கும் இடையே அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகள் இழந்த நடுவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். பெருந்தொற்று ஒரு காரணம். ஓரத்திலிருந்து பொழியும் வசைமாரி மற்றொன்று. நடுவர் இல்லையேல் ஆட்டம் இல்லை. நட்டம் யாருக்கு? திட்டியவரின் பிள்ளைக்கே!

நடுவரைத் தாக்கினால் தண்டனை என்று அமெரிக்காவில் 20-க்கு மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் செய்துள்ளன. நல்லதுதான். ஆனால் சட்டம் வந்து நிற்பது அடி விழுந்த பிறகு. அடி விழாமல் தடுக்க வழி கண்டது நியூ ஜெர்சி மாநிலத்தின் டெப்ட்ஃபோர்ட் என்ற ஊர். தன்னார்வ நடுவர்கள் வசவு தாளாமல் விலகவே, 2023-இல் அங்குள்ள சிறுவர் பேஸ்பால் லீக் ஒரு விதி செய்தது. நடுவரைத் திட்டுகிறவர் மீண்டும் மைதானத்துக்குள் வரவேண்டுமானால், முதலில் மூன்று ஆட்டங்களுக்குத் தாமே நடுவராக நின்று காட்டவேண்டும்!

அபராதமும் இல்லை, சிறையும் இல்லை. வா, வந்து நில். பந்து பாயும் வேகத்தில் தீர்ப்புச் சொல்லிப் பார். பிறகு பேசு என்பதுதான் அது. வேலையைச் செய்து பார்த்தவனுக்கே வேலை செய்பவனின் அருமை தெரியும். இதை உழைப்பவர்க்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

மைதானத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் தோழர்களே! அவன் பந்தை மட்டும் பார்ப்பதில்லை; ஓரத்தில் நிற்கும் உங்களையும் பார்க்கிறான். தோற்றாலும் எதிரணிப் பிள்ளையின் கையைப் பற்றிக் குலுக்கக் கற்றுக்கொண்டுதான் அவன் ஆடப் போகிறான். அந்தப் பாடத்தை வீட்டுக்கு வந்து மறக்கச் செய்யாதீர்கள். வென்றால் தட்டிக்கொடுங்கள். தோற்றால் தோளிலே கை போட்டுச் சோறு உண்ண அழைத்துச் செல்லுங்கள். நடுவர் தவறே செய்திருந்தாலும், அது ஓர் ஆட்டத்தின் தவறு. அதற்காக ஒரு தந்தையின் உயிர் போக வேண்டுமா?