ஒரகடம் வரை வந்த கணக்குப் பிழை

2017 மே 12, வெள்ளிக்கிழமை. உலகெங்கும் பரவத் தொடங்கிய ‘வான்னாக்ரை’ நச்சுநிரல் அந்த வார இறுதிக்குள் நம் பக்கமும் வந்துவிட்டது. தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியாகப் போனால் வரும் ஒரகடத்தில், ரெனோ-நிசான் கார் ஆலை பாதிக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகக் கணினிகளும் முடங்கின. கோப்புகளை மீட்க வேண்டுமானால் 300 டாலர் கட்டு என்றது திரை.

தெரியாத மின்னஞ்சலை எந்த ஊழியரோ திறந்திருப்பார் என்று பலரும் பேசினார்கள். அது அநியாயமான பேச்சு. இந்த நச்சுநிரல் பரவ யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. பழுதுள்ள கணினியின் 445ஆம் போர்ட்டை வலைப்பின்னலில் எட்ட முடிந்தால் போதும். மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியிட்டது உண்மைதான். ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் கணினியை நினைத்த நேரத்தில் நிறுத்தி அப்டேட் செய்ய முடியுமா?

பழுது இருந்தது விண்டோஸ் கெர்னலுக்குள், கோப்புப் பகிர்வு நிரலில். வெளியிலிருந்து வரும் ஒரு பட்டியலின் நீளத்தைத் திருத்தும் இடத்தில், 32 பிட் எண்ணின் கீழ் 16 பிட்டை மட்டும் மாற்றியிருந்தார்கள். மேல்பாதி பழையபடியே நின்றது. 1,20,000 என்பதை 95,000 ஆகக் குறைக்கப் போய், முன்னால் நிற்கும் 1-ஐ அழிக்காமல் 1,95,000 ஆக்கியதுபோல. சிறிய இடம் ஒதுக்கப்பட்டது. பெரிய அளவுக்குத் தரவு கொட்டப்பட்டது. மிஞ்சியது பக்கத்து நினைவகத்தில் வழிந்தது. அந்த வழிதலையே ஆயுதமாக்கியது அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ. அதை ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்ற ஹேக்கர் குழு ஏப்ரலில் கசியவிட, மே மாதம் ஒரகடம்.

அந்த நிரல் எழுதப்பட்ட சி மொழி இந்த அளவுகளைத் தானாகச் சரிபார்ப்பதில்லை. ஆண்டுதோறும் தான் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70% இத்தகைய நினைவகப் பிழைகளே என்று 2019இல் மைக்ரோசாஃப்ட் சொன்னது. அத்தனை திறமைசாலிகள் உள்ள இடத்திலேயே இந்த நிலை என்றால், குறை ஆட்களிடம் இல்லை, கருவியில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் புதிய நிரல்களை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளுக்கு மாற்றியது கூகுள். 2019இல் 76% ஆக இருந்த இவ்வகைப் பிழைகளின் பங்கு 2024இல் 24% ஆனது. பழையதை முழுக்கத் திருப்பி எழுதாமலே!

இதற்கான அறிவு நமக்குத் தொலைவில் இல்லை. இந்திய இயங்குதளமான பாஸ் லினக்ஸின் பிறப்பில் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்து ஏயூ-கேபிசி மையத்துக்குப் பங்குண்டு. சி நிரலின் நினைவகப் பிழைகளைச் செயலியே தடுக்கும் வடிவமைப்பை ஐஐடி மெட்ராஸின் ‘சக்தி’ குழு 2019இல் வெளியிட்டது. தமிழக அரசின் கணினிக் கொள்முதலைக் கவனிக்கும் எல்காட், தன் டெண்டர்களில் ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்: வலைப்பின்னலிலிருந்து தரவு வாங்கும் பகுதி எந்த மொழியில் எழுதப்பட்டது? சி என்று பதில் வந்தால், மாற்றி எழுதித் தரும் தேதியையும் ஒப்பந்தத்திலேயே வாங்க வேண்டும்.