முயலுக்குப் பட்டினி மருந்தல்ல

"கழிச்சலா? ஒரு நாள் பட்டினி போடுங்கள், வயிறு தானாகச் சரியாகிவிடும்" என்று முயல் வளர்ப்போருக்கு யோசனை சொல்கிறார்கள். லங்கணம் பரம ஔஷதம் என்பது நமக்கு ஒருவேளை பொருந்தலாம். முயலுக்கு அது எமன். நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அதன் குடல் அசையும். அசைவு நின்றால் வாயு கட்டி வயிறு உப்பும். வாந்தி எடுக்கவும் முயலால் முடியாது.

முதலில் அது கழிச்சல்தானா என்று பாருங்கள். திராட்சைக் கொத்துபோல் பளபளவென்று ஒட்டிக் கிடப்பது, முயல் வாய்வைத்துத் திரும்பத் தின்ன வேண்டிய மென்புழுக்கை. அது தரையில் மிஞ்சினால், பெரும்பாலும் மாவும் இனிப்பும் கூடிப்போயிருக்கும். கேரட், வாழைப்பழம், பிஸ்கட் (ஆமாம், பிஸ்கட்!) கொடுத்துவிட்டு "இதுக்கு வயிறு வீக்" என்று பழிபோடுவது என்ன நியாயம்?

அவற்றை நிறுத்துங்கள். காய்ந்த புல், கொழுக்கட்டைப்புல்லோ அறுகோ, இரவும் பகலும் கிடக்கட்டும். வளர்ந்த முயலுக்குக் குதிரைமசால் தினசரித் தீனியாக வேண்டாம். சுண்ணாம்புச் சத்து அதிகம். தண்ணீராகப் போனாலோ, 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் கிடந்தாலோ, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.